வெந்நீர் வைக்கும் சத்தம்

“கழட்டுன்னா கழட்டு...”

“மழை பிடிக்கப் போகுது மதினி, இப்பப் போயி...”

“மழை நேத்தும் பேஞ்சுச்சு. நேத்தும் எந்திரிச்சுட்டேன்.”

“பூண்டுக்காட்டு ரோட்டுல சாதா டயரை வச்சு ஏறுறதுக்கு, நான் தலையால நடந்தே போயிரலாம்.”

“நட. சத்தம் வராதுல்ல.”

மகுடீசு தலையைச் சொறிந்தான்.

அவள் புருஷனின் தம்பி. ஒரே வாசல், அடுத்தடுத்த வீடு. மதினி அழுது பார்த்திருக்கிறான். இப்படிப் பேசிப் பார்த்ததில்லை.

அவள் அவனுடைய ஜீப்பைப் பார்த்துப் பேசவில்லை. அதன் கால்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கட்டை கட்டையாய் ரப்பர் பல் துருத்திக்கொண்டு நிற்கும் பட்டன் டயர்கள்.

நாலும் அவள் புருஷனுடையவை.

வத்தலக்குண்டில் கடை கடையாக ஏறி இறங்கி அவர் பொறுக்கியது. தாலிக்குக்கூட அவர் இத்தனை கடை ஏறவில்லை என்று இவள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள்.

“சேறு, சரளை, எதுலயும் கவ்விப் பிடிக்கும்ணே,” என்றான் கடைக்காரன். “தார் ரோட்டுக்கு வந்தாத்தான் ஊளையிடும். டீசலும் சித்த கூடக் குடிக்கும்.”

“ஊளையிடட்டும்ப்பா. அதைக் கேட்டு வீட்டுல வெந்நீர் வச்சிரும்.”

சொல்லிவிட்டு இவளைப் பார்த்துச் சிரித்தார்.

அப்படியேதான் ஆயிற்று. காட்டுப் பாதை முடிந்து தார் தொடங்கும் வளைவில் அந்த ஊளை கிளம்பும். இவள் அடுப்பில் பானையை ஏற்றுவாள். அவர் மூட்டையை இறக்கி, சேற்றுக் காலோடு பின்வாசலுக்கு வரும்போது, தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்.

கோடை மழையில் ஜீப் அவரோடு பள்ளத்துக்குள் போனது.

“டயரு பிடிச்சுச்சு மதினி,” என்று அன்றைக்கு மகுடீசு தலையில் அடித்துக்கொண்டு அழுதான். “மண்ணுதான் பிடிக்கலை. ரோடே சரிஞ்சிருச்சு.”

கயிறு கட்டி மேலே இழுத்ததில் முழுசாய் மிஞ்சியவை அந்த நாலு டயர்கள். இரண்டு ஜீப்புக்கும் ஒரே அளவு. எறிய அவனுக்கு மனசு வரவில்லை. தன்னதைக் கழற்றிவிட்டு அண்ணனுடையதை மாட்டிக்கொண்டான்.

அன்றிலிருந்து, பொழுது சாயும் நேரம், வளைவில் ஊளை கேட்கிறது.

அன்றிலிருந்து அவள் எழுந்துவிடுகிறாள்.

தெரிந்து எழுவதில்லை. பானை மூடி தடதடவென்று ஆடும்போதுதான் தெரியும்.

கொதிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்ற முடியாது. ஆற வைக்க வேண்டும். ஆறும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“ஒரு நா. ஒரே ஒரு நா, நான் உக்காந்த எடத்துல உக்காந்திருக்கணும் மகுடீசு.”

அவன் ஜாக்கியை எடுத்து வந்தான்.

நட்டுகள் முனகின. ஒவ்வொரு சக்கரமாக இறங்கியது. பட்டன் டயர்களைச் சுவரோரம் வரிசையாய்ச் சாய்த்தான். மாட்டுக்கொட்டகையில் கிடந்த தன் பழைய டயர்களை உருட்டி வந்து பூட்டினான். வழவழவென்று, கோடு மட்டும் போட்ட டயர்கள்.

“வளைவுக்கு அங்குட்டு வரைக்கும் போயித் திரும்பி வாரேன். நல்லாக் காதைக் குடுத்துக் கேளுங்க. சத்தம் வந்துச்சுன்னா எம்பேரை மாத்திக்கிறேன்.”

“மாத்தினா ‘ஊமையா’ன்னு வைக்கிறேன். போ.”

ஜீப் போனது. நிஜமாகவே சத்தமில்லை. ஊரைவிட்டு நழுவுவது போலப் போனது.

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் போட்டு, ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டாள்.

மேகம் இறங்கியது. சாரல் விழுந்தது. சுவரோரம் சாய்ந்திருந்த டயர்களின் பல்லிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

காதைக் கொடுத்தாள்.

ஒன்றும் இல்லை.

நெஞ்சுப் பாரம் இறங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு முழு மூச்சு விட்டாள்.

பிறகுதான் உறைத்தது. சத்தமில்லாமல் போனவன் வருகிறானா, இல்லை வழுக்கி அவனும் போய்விட்டானா, எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

மழை வலுத்தது.

அப்போது வளைவில் ஊளை கிளம்பியது.

அவள் சுவரைப் பார்த்தாள். நாலு டயர்களும் அங்கேயே சாய்ந்திருந்தன.

ஊளை மேடேறியது. பாலத்தருகே எப்போதும் போல ஒரு கணம் தாழ்ந்தது. மறுபடி எழுந்தது. வாசல்வரை வந்தது. நின்றது.

வாசலில் யாரும் இல்லை. மேகம் மட்டும் விலகி, வழிவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து, சத்தமே இல்லாமல், இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் வந்தன. மகுடீசின் ஜீப்.

அவன் இறங்கவில்லை. வைப்பர் ஆடிக்கொண்டே இருந்தது. கண்ணாடியை இறக்கி, அண்ணன் வண்டி நிறுத்தும் காலி இடத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

வாசற்படியில் அவள் இல்லை. அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். கையில் தீப்பெட்டி. முதுகுக்குப் பின்னால், பானைக்கு அடியில், விறகு பிடிக்கத் தொடங்கியிருந்தது.

“எனக்குப் பின்னாடி ஒரு வண்டி இரைஞ்சுக்கிட்டு வந்துச்சு மதினி. அவசரமாக்கும்னு வளைவுல ஒதுங்கி வழி விட்டேன்,” என்றான். குரல் தாழ்ந்திருந்தது. “இங்குட்டா வந்துச்சு?”