வரிக்கம்பியின் உயரம்

அந்த ஊரில் ஊதியம் உயர்ந்தால் ஆளும் உயரமாக வளர்வார். ஊர் வாயிலின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி இருந்தது. அதில் தலை இடித்தவர் கூலியில் ஒரு பங்கை வரியாகக் கொடுத்தாக வேண்டும். அரிசி விலை ஏறியது. அதற்கு ஈடாக மாசிலாமணியின் கூலியும் ஏறியது. அவரும் நான்கு விரற்கடை வளர்ந்தார். உலையில் ஒரு பிடி அரிசியேனும் கூடியதா? இல்லை. ஆனாலும் அசையாத அந்தக் கம்பி ஒன்பது ஆண்டுகள் அவர் நெற்றியில் இடித்தது.

ஊரே திரண்டு போராடிய பின், விலைவாசி ஏறும் அளவுக்குக் கம்பியும் ஆண்டுதோறும் ஏற வேண்டும் என்று சட்டம் வந்தது. இன்று கம்பி உயர்ந்த முதல் நாள். இடிக்காமல் கடந்தால் முழுக் கூலியும் வீடு சேரும். வாயிலை நெருங்கியதும் மாசிலாமணியின் தலை தானாகவே குனிந்தது.

"குனிஞ்சு போனா இடிச்ச கணக்குதான், ஐயா! நிமிர்ந்து வாங்க," என்றார் காவலர்.

அவரால் நிமிர முடியவில்லை. "இடிச்சிரும் வடிவு," என்றார் உடன் வந்த மனைவியிடம்.

பெண்ணுக்குக் கூலி குறைவென்பதால் வடிவாம்பாள் அவர் தோளுயரமே இருந்தாள். நுனிக்காலில் எம்பி, அவர் உச்சந்தலைமேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"இடிச்சா என் கையிலதான் இடிக்கும். மாப்பிள்ளையாட்டம் நடங்க."

அவர் மெல்ல நிமிர்ந்தார். இருவரும் நடந்தார்கள். கம்பிக்கும் அவள் புறங்கைக்கும் நடுவே காற்று ஓடியது. வாயிலைக் கடந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.