அதுவா வந்துரும்

மொட்டைமாடியில் இறங்கிய மூடுபனி தண்ணீர்த் தொட்டியைக்கூட விழுங்கிவிட்டது. அப்பாவின் கையிலிருக்கும் ரிமோட்டின் திரை முழுக்க வெள்ளை. மேலே எங்கோ ட்ரோன் இரைகிறது. மகன் இறந்து ஆறு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் அதைத் தொட்டிருக்கிறார். "கண்ணுக்குத் தெரியலன்னா கண்டபடி திருப்பாதீங்கப்பா. இந்தப் பொத்தான அமுக்கிட்டுக் கைய எடுத்துருங்க. அதுவா வந்துரும்" என்று அவன் படித்துப் படித்துச் சொன்னது நினைவுக்கு வருகிறது. அமுக்குகிறார். விரல்களை எடுத்துக்கொள்கிறார். இரைச்சல் நெருங்குகிறது. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு விளக்கு மெல்ல இறங்கி, தரையில் அவன் பெயின்டால் போட்டுவைத்த வட்டத்தில் பிசகாமல் உட்காருகிறது. கீழே சமையலறையிலிருந்து அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போன அவன் அம்மாவின் குரல், "வந்துட்டியாடா?" என்கிறது. பிறகு கரண்டிச் சத்தமும் நின்றுபோகிறது.