எட்டு வயதில் சொன்ன பதில்

புற்றுநோய் மருந்தின் நஞ்சு குழந்தையின் உடம்பில் எங்கே போய்த் தங்க வேண்டும் என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் காலம் வந்திருந்தது. இதயமா, கருப்பையா? குழந்தையையும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும் என்ற விதியைப் போராடிக் கொண்டுவந்தவர் ஆராய்ச்சி மருத்துவர் செண்பகவல்லிதான். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

இருபது வருடம் கழித்து, எட்டு வயதில் அந்த நோயிலிருந்து பிழைத்த யாழிசை பரிசோதனைக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள். கல்யாணமாகி நான்கு வருடம். இதயம் கெட்டியாக இருந்தது. வயிற்றில்தான் ஒரு புழு பூச்சி தங்காது.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு கேக்கணும் டாக்டரம்மா. எங்கம்மா வாயே திறக்க மாட்டேங்குறாங்க."

செண்பகவல்லி தயங்கினார். ஆனாலும் அது அவளுடைய உரிமை அல்லவா? பழைய ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

முதலில் அவருடைய குரலே வந்தது: "பெரியவளானதும் உனக்குப் பாப்பா வேணுமா, இல்ல ஓடி விளையாடணுமாடா செல்லம்?"

"பாப்பாவா? ஐயய்யே, வேணாம்! தம்பிப் பாப்பா எந்நேரமும் அழுதுட்டே இருக்கான். நான் ஓடணும்!"

யாழிசை வாய்விட்டுச் சிரித்தாள். "என்னா வாய் பாருங்க!" சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்கிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. தப்பு என்னோடது."

"வேற எப்படிக் கேட்டிருப்பீங்க?"

செண்பகவல்லிக்கு இன்றைக்கும் அது தெரியவில்லை. மதியம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

யாழிசை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இந்தப் பதிவை எனக்கு அனுப்பி வைங்க டாக்டரம்மா. எங்க வீட்டுல ஒரு குழந்தைக் குரலாவது கேக்கட்டும்."