மாமியாரைப் பிடித்து வைக்கும் பயிற்சி

“உங்க மருமககிட்டக் கொஞ்சம் தனியாப் பேசணும்மா.”

“தனியாப் பேச எதுக்குத் தாயி ரெண்டு பேரு?” என்று வாசலை அடைத்து நின்றாள் சீனியம்மாள்.

கேட்டது ஜெசிந்தா. அவளுக்குப் பின்னால் நின்றான் இளம்பரிதி.

இரண்டு பேரும் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள். பெண்கள் வாங்கும் குழுக் கடனைப் பற்றி ஒழுங்காக ஆராய்ச்சி செய்வது எப்படி என்று மதுரைக்குப் பயிற்சிக்கு வந்தவர்களை, இன்று அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் ஊரில் வேனில் இறக்கி விட்டிருந்தார்கள். கேள்வி கேட்பது ஜெசிந்தாவின் வேலை. மாமியாரைப் பிடித்து வைப்பது இளம்பரிதியின் வேலை.

சிரிக்க வேண்டாம். பேராசிரியர் வேதநாயகம் அதற்கென்றே ஒரு வகுப்பு எடுத்திருந்தார்.

“மாமியார் பக்கத்துல இருக்கும்போது மருமக சொல்றது தகவல் இல்லய்யா, பக்திப் பாட்டு. கடன் காசு யார் கைக்குப் போச்சுன்னு உண்மை வரணும்னா மாமியாரை ஓரங்கட்டணும். ஒருத்தர் கேளுங்க, ஒருத்தர் ஓரங்கட்டுங்க.”

நேற்று இளம்பரிதி ஓரங்கட்டிய மாமியார், மோர் கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனவள்தான். மருமகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லிவிட்டாள். இன்றும் கோட்டை விட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாம், உதவித்தொகையும் கிடையாது என்று வேதநாயகம் சொல்லியிருந்தார்.

சீனியம்மாள் கொஞ்சம் விலகியதும் ஜெசிந்தா சட்டென்று உள்ளே நுழைந்துவிட்டாள். இளம்பரிதி பேச்சுக் கொடுக்க வாயெடுப்பதற்குள், கிழவியே அவன் கையைப் பிடித்து இழுத்து வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார வைத்தாள். மடியில் ஒரு முறம் கடலை வந்து விழுந்தது.

“சும்மா இருக்குற கைதான? உரி தம்பி. கல்யாணம் ஆயிருச்சா?”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது அவனுக்கு.

“இன்னும் இல்லம்மா.”

“ஏன், ஒடம்புக்கு எதுவுமா?”

“படிச்சிட்டிருக்கேன்மா.”

“இந்த வயசுலயுமா? பெயிலாப் போயிட்டியோ?”

“இல்லம்மா, இது பெரிய படிப்பு.”

“தலையில நாலு முடி நிக்கிறப்பவே பண்ணிரணும்யா. அப்பறம் படிப்ப வச்சு மறைக்க முடியாது.”

இளம்பரிதி தலையைத் தடவிக்கொண்டான். இவளை இப்படியே நிறுத்தி வைக்க வேண்டுமே. இல்லாத ஒரு காதலியை உண்டாக்கினான். அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு வீட்டைக் கொடுத்தான், முரட்டு அப்பா ஒருவரையும் சேர்த்துக் கொடுத்தான்.

அந்த நேரம் பார்த்து உள்ளே மருமகள் பாண்டீஸ்வரியின் குரல் சற்று எழுந்தது.

“அந்தப் பொண்ணு பேரு என்னப்பா?” என்று சீனியம்மாள் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்காய் பறந்தது. அதன் பிறகும் அவள் குரல் இறங்கவில்லை. உள்ளே விசும்பல் கேட்டதும், வெறும் முறத்தை எடுத்துப் படபடவென்று தட்டினாள்.

மருமகள் நாலு வார்த்தை பேசுவதுகூடப் பொறுக்கவில்லை, என்ன ஜென்மமோ என்று இளம்பரிதி மனசுக்குள் திட்டிக்கொண்டான். ஆனால் பாவம் அந்தப் பெண், ஏன் அழுகிறாள்? கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தான்.

“கடலையப் பாரு தம்பி. தோலோட போடுற.”

பைக்கில் வந்து இறங்கினான் சீனியம்மாளின் மகன்.

“உள்ள யாரு ஆத்தா? என்ன பேச்சு நடக்கு?”

“தம்பிக்குப் பொண்ணு பாக்குறோம், ஒனக்கென்ன சோலி? ரேசன்ல பாமாயில் போடுறாகளாம். தீரப்போகுது, ஓடு.”

அவன் வந்த வழியே திரும்பினான். கல்யாணப் பேச்சு என்றால் கிழவிக்குப் பெற்ற பிள்ளைகூட இடைஞ்சல்தான் போலிருக்கிறது. அதுவும் நல்லதற்கே என்று இளம்பரிதி தன் காதலிக்கு ஒரு முறைமாமனையும் சேர்த்துவிட்டான்.

கடலை தீர்ந்து, கதையும் தீர்ந்து, இனி என்ன பொய் சொல்வது என்று அவன் திண்டாடும்போது ஜெசிந்தா வெளியே வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

“எல்லாத்தையும் சொல்லிட்டாங்க பரிதி. மனசுவிட்டு.”

“பின்ன? ஒரு எட்டு நகர விடலையே” என்று அவன் காதோடு சொன்னான். வேதநாயகம் முகத்தில் விழிக்க இனிப் பயமில்லை.

சீனியம்மாள் முந்தானையைத் தட்டிக்கொண்டு எழுந்து ஜெசிந்தாவிடம் வந்தாள்.

“முடிஞ்சுதா தாயி? கடங்காசு என்ன ஆச்சுன்னும் சொன்னாளா?”

ஜெசிந்தா விழித்தாள். “அவங்க சொன்னத வெளிய சொல்லக் கூடாதும்மா.”

“சொல்லாத. எங்கிட்டயும் சொல்லாத. ஆனா அடுத்த மட்டம் வாரப்ப இந்தத் தம்பியக் கூட்டிட்டு வராத.”

“ஏம்மா, நான் என்ன பண்ணேன்?” என்றான் இளம்பரிதி.

அவள் அவனைப் பார்க்கவேயில்லை.

“ஆம்பள உள்ள வந்தா அவ வாயத் தெறக்க மாட்டா தாயி. இவன இங்கன பிடிச்சு வைக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. எம் மகன் பண்ற கொடுமைய, பாவம், அவளும் யார்கிட்டதான் சொல்லி அழுவா?”