மூன்றாவது திரை

"சேர்ந்து வாழறது பெரிசில்ல. நியாயமாப் பிரியறதுலதான் மனுஷனோட நாகரிகமே இருக்கு" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, விவாகரத்து கேட்டு வந்த கணவன் மனைவியிடம் சொன்னார் வக்கீல். "ஆகையினால, சினிமா ஆப் அம்மாவுக்கு. விளையாட்டு ஆப் தம்பிக்கு. சீரியல் ஆப்பை அடுத்த மாசம் பார்ப்போம்."

வீடு, கார், பீரோ எல்லாம் முதல் நாளே பிரிந்துவிட்டன. சாவிகளும் பாஸ்வேர்டுகளும் வக்கீலின் பொறுப்பில் பத்திரமாக இருந்தன. சீரியல் ஆப் ஒன்றுக்குத்தான் அவர் மாதக்கணக்கில் தேதி தள்ளிக்கொண்டிருந்தார்.

உண்மையில் அவள் இன்று வந்தது வேறு எண்ணத்தில். கணவன் ஒரு வார்த்தை இறங்கி வந்தால் அவனோடு போய்விடலாம் என்று மனசு பாதி கனிந்திருந்தது. மீதிப் பாதியில் ஒரு முள்.

"அந்த சீரியல் ஆப்புல ஒரே நேரத்துல ரெண்டு பேருதான் பார்க்க முடியும் சார். ஒண்ணு நான், ஒண்ணு இவரு. தினம் சாயங்காலம் மூணாவதா யாரோ நுழைஞ்சு என்னை வெளிய தள்ளிடுறாங்க. என்னன்னு பார்த்தா காதல் சீரியல்."

"என்னையுந்தான் தள்ளுது" என்றான் கணவன். "உட்கார்ந்து காதல் சீரியல் பார்க்குற அளவுக்கு உனக்கு யாரு வாய்ச்சாங்க?"

"எனக்கா? அத்தனை எபிசோடு பார்க்குற பொறுமை இருந்தா, அது உங்ககூடப் புதுசாக் குப்பை கொட்ட வந்தவளாத்தான் இருக்கும்."

"ஆள் இருக்குன்னு ஒத்துக்கோ. நான் ஒதுங்கிக்கிறேன்."

"நீங்க ஒத்துக்கோங்க. நான் ஒதுங்கிக்கிறேன்."

வக்கீல் மேசையைத் தட்டினார். "பொதுவுல ஒரு பொருளை வச்சுக்கிட்டா நாணயம் வேணும். அடுத்தவங்க வீட்டுல மூணாம் மனுஷன் நுழையறது பண்பாட்டுக்கே இழுக்கு."

"அப்ப இப்பவே பாஸ்வேர்டை மாத்திடுறேன்" என்று அவள் போனை எடுத்தாள். "யாருக்கு வலிக்குதுன்னு பார்ப்போம்."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவசரப்படாதீங்கம்மா. வழக்கு நடக்கும்போது சொத்தோட நிலையை மாத்தறது சட்டப்படி..."

அவர் முடிப்பதற்குள் அவள் மாற்றிவிட்டாள்.

கணவன் மனைவி இருவரும் ஒருவர் போனை மற்றவர் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். இரண்டும் வாய் திறக்கவில்லை. மணி அடித்தது மேசைமேல் இருந்த மூன்றாவது போன்.

வக்கீல் அதை எடுத்துக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அவர் மனைவியின் குரலோ, அழுத்தினால் அடங்குகிற ஜாதி இல்லை.

"என்னங்க, சீரியல் பாதியில நின்னு பாஸ்வேர்டு கேக்குது. அந்த ஜோடி கேஸை முடிச்சுத் தொலைச்சிட்டீங்களா? இன்னும் நாப்பது எபிசோடு இருக்குன்னு காலையிலதானே சொன்னேன்?"