அசையாமல் இருக்கும் டீச்சர்

சுங்கை வே பக்கத்து இடைநிலைப்பள்ளியின் ஓவிய அறையில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகள் வழியாக மேசைகளின் மேல் கோடு கோடாக விழுகிறது. கடைசி மேசையில் நான்காம் படிவத்தில் படிக்கும் பதினாறு வயது மாணவி லோஷினி வழக்கம்போலக் கைகளுக்குள் முகம் புதைத்துப் படுத்திருக்கிறாள். இந்த வருடம் அவள் எதையும் வரைந்து கொடுத்ததில்லை. ஓவிய ஆசிரியை சுதர்சினி திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவள் எதிரே உட்காருகிறார். "என்னை வரை. நான் அசையாம இருக்கேன்." லோஷினி தலையைத் தூக்குகிறாள். "எனக்கு வராது, டீச்சர்." "அப்ப சும்மா பார்த்துக்கிட்டாவது இரு." அவள் பார்க்கிறாள். டீச்சரின் இடது கன்னத்தில் காதிலிருந்து உதடு வரை தோல் வெளுத்திருக்கிறது. அவரோடு பேசும்போது எல்லோரும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிற இடம் அது. "டீச்சர், அந்த வெள்ளை... அதையும் போடவா?" "இருக்கிறதுதானே, போடு." சுதர்சினி அந்தக் கன்னத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக் கொடுக்கிறார். பென்சில் நகரத் தொடங்குகிறது. சுற்றிலும் மெல்ல நிழல் தீட்டி, அந்த இடத்தை மட்டும் தாளின் வெண்மையாகவே விட்டுவைக்கிறாள் லோஷினி. டீச்சரின் நெற்றியிலிருந்து வியர்வை புருவத்தில் இறங்குகிறது, அவர் துடைக்கவில்லை. மணி அடிக்கிறது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து நெருக்குகிறார்கள். லோஷினி திரும்பாமலே சொல்கிறாள்: "கொஞ்சம் வெளிய நில்லுங்க லா. இன்னும் முடியல." சுதர்சினிக்குச் சிரிப்பு வருகிறது. லோஷினி இப்போது உதட்டை வரைந்துகொண்டிருப்பதால் அதை அடக்கிக்கொள்கிறார்.