எழுத்து மேல் பக்கம்

வெள்ளம் வடிந்த மறுநாள், ஏழைகளுக்கு இலவசமாகக் கஞ்சி ஊற்றும் கூடத்தில் முழங்கால் அளவு சேறு கிடந்தது. கூரைத் தகடு ஒன்றைக் காற்று கொண்டுபோயிருந்தது. விளக்குமாறு விடிந்ததிலிருந்து சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு ஃபிளெக்ஸ் பேனர் வேனில் வந்து இறங்கியது. உதவி செய்ய வந்தவர்களின் பெயர்களும் சிரித்த முகங்களும் அதில் பளபளத்தன. பேனர் பன்னிரண்டு அடி நீளம். கூடவே வந்த அரிசி ஒரு மூட்டை.

"கொஞ்சம் ஒதுங்கு. போட்டோவுல நீ விழுந்தா நல்லா இருக்காது" என்றது பேனர்.

"சரிங்க" என்று விளக்குமாறு கதவுக்குப் பின்னால் போய் நின்றது.

போட்டோ எடுத்ததும் வேன் போய்விட்டது. பேனரை மறந்து விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அண்டாவை அடுப்பில் ஏற்றினார்கள். கூரை ஓட்டை வழியாக மழை கொட்டி அடுப்பு அணைந்தது. வாசலில் தட்டுகளோடு வரிசை காத்திருந்தது.

"நீங்க மேல ஏறிப் படுத்துக்கிறீங்களா?" என்று அண்டா பேனரிடம் கேட்டது.

பேனர் யோசித்தது. "படுக்கிறேன். ஆனா எழுத்து மேல் பக்கம் இருக்கணும். நாலு பேர் பார்க்கணும்ல?"

அப்படியே கட்டினார்கள்.

மேலே ஒரு காகம்தான் வந்தது. "யாருப்பா இது, பெரிய ஆளா?" என்று ஒரு முகத்தைக் கொத்தப் போனது.

கீழே கஞ்சி கொதிக்கும் சத்தம் கேட்டது.

"யாரா இருந்தா என்ன? கொத்தாதே, ஓட்டை விழுந்துடும். கீழ அடுப்பு எரியுது" என்றது பேனர்.